விண்டோ மேனேஜருக்கு எழுதும் சீட்டு: எக்ஸ்11 பண்புகள் பற்றித் தொடக்கநிலை விளக்கம்

லினக்ஸில், திரையில் விண்டோக்களைக் காட்டும் அமைப்பான எக்ஸ்11-இன் மேல் ஒரு நிரல் எழுதி ஓடவிட்டால் திரையில் விண்டோ வருகிறது. அதன் தலைப்புப் பட்டை, ஓரக்கோடு, மூடும் பொத்தான், விண்டோ வந்து நிற்கிற இடம், ஆல்ட்-டேப் அழுத்தும்போது வருகிற வரிசை எதுவும் நம் நிரலின் வேலை அல்ல. விண்டோ மேனேஜர் என்கிற தனி நிரல் அதையெல்லாம் செய்கிறது. எக்ஸ்எஃப்சிஇ-யில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4, கேடிஇ-யில் கேவின், க்னோமில் மட்டர் என்று டெஸ்க்டாப்புக்கு டெஸ்க்டாப் மேனேஜர் மாறும். (க்னோமின் புதிய செயலிகள் தலைப்புப் பட்டையைத் தாமே வரைந்துகொள்கின்றன. அங்கும் மற்ற வேலைகள் மேனேஜர் கையில்தான்.)

நம் நிரலுக்குள் என்ன இருக்கிறது என்று மேனேஜருக்குத் தெரியாது. கிடங்கில் மூட்டை அடுக்குகிறவர் சாக்கை அவிழ்ப்பதில்லை, கழுத்தில் கட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து இடம் பிரிக்கிறார். விண்டோவின் மேல் அப்படிக் கட்டி வைக்கும் சீட்டுகளுக்குத்தான் பண்புகள் என்று பெயர். சீட்டில் எழுதியது வேண்டுகோள், உத்தரவு இல்லை. மேனேஜர் அதை ஏற்கலாம், விடலாம். ஆனால் பெரும்பாலான சிக்கல்களில் மேனேஜர் மறுத்திருக்காது. சீட்டு தப்பான வடிவத்தில் இருந்திருக்கும், அல்லது நேரம் கடந்து வந்திருக்கும்.

எக்ஸ்11 வெளியானது 1987-இல். திரையையும் விசைப்பலகையையும் கையாளும் எக்ஸ் சர்வர் வசதியை மட்டும் தரும், எப்படி நடந்துகொள்வது என்பதை வெளியே இருப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அதன் கொள்கை. அப்படி விட்டால் ஆளுக்கொரு வழியில் போவார்கள் என்பதால் டேவிட் ரோசந்தால் எழுதிய ஐசிசிசிஎம் என்ற விதித்தொகுப்பு வந்தது. பிற்பாடு ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு இடபிள்யூஎம்எச் என்ற இன்னொன்றைச் சேர்த்தது. பழைய தொகுப்பின் பண்புகள் 'டபிள்யூஎம்_' என்று தொடங்கும். புதியவை '_நெட்_' என்று தொடங்கும், முதலெழுத்தே அடிக்கோடு. இன்றைய நிரலுக்கு இரண்டும் வேண்டும். இங்கே ஒலிப்படி எழுதியிருக்கும் பண்புப் பெயர்களை நிரலில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்கோடுகளோடு எழுத வேண்டும்.

விளக்கத்துக்கு ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். குமுளியில் ஒரு மலைச்சரக்குக் கடை. ஏலக்காய் எடையைத் தராசிலிருந்து வாங்கிச் சீட்டு அடிக்கிற நிரல், சி மொழியில், எக்ஸ் சர்வரோடு பேசும் நூலகமான எக்ஸ்லிப் கொண்டு எழுதியது. கணினி பழசு. 1366 × 768 திரை, சுபுண்டு (எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் கொண்ட உபுண்டு) போட்டது. தலைப்பில் தமிழ் வேண்டும், பக்கத்துக் கடைக்குக் கொடுத்தால் மலையாளமும் வேண்டும்.

சீட்டின் நான்கு கட்டங்கள்

எந்தப் பண்பாக இருந்தாலும் அதில் நான்கு விஷயங்கள் உண்டு: பெயர், வகை, அளவு, தரவு. பெயரையும் வகையையும் சர்வர் எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துவிடும். டபிள்யூஎம்_நேம் 39, டபிள்யூஎம்_கிளாஸ் 67 என்று 68 எண்கள் முன்கூட்டியே நிலையானவை. மற்றவற்றுக்கு எக்ஸ்இன்டர்ன்ஆட்டம் என்ற ஃபங்ஷனை அழைத்து எண் வாங்க வேண்டும். அதன் மூன்றாவது இடத்தில் ஃபால்ஸ் கொடுங்கள். ட்ரூ கொடுத்தால், அந்தப் பெயரை அதுவரை யாரும் பதிவு செய்யாதபோது பூஜ்யம் திரும்பி வரும். அதை அப்படியே அடுத்த அழைப்பில் போட்டால் பேட்ஆட்டம் பிழை வரும்.

பிழை உடனே வராது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்லிப் கட்டளைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புகிறது, அதனால் தப்பு நடந்த வரி ஒன்று, பிழை காட்டும் இடம் வேறொன்று. சோதிக்கும்போது மட்டும் எக்ஸ்சிங்க்ரனைஸ் ஃபங்ஷனை ட்ரூ கொடுத்து அழைத்துவிட்டால் ஒவ்வொரு அழைப்பும் முடிந்த பிறகே அடுத்தது போகும். நிரல் மெதுவாகும், பிழையோ சரியான வரியில் நிற்கும்.

மூன்றாவது கட்டமான அளவு 8, 16, 32 என்ற மூன்றில் ஒன்று, எழுத்துகளுக்கு 8, எண்களுக்குப் பெரும்பாலும் 32. இந்த 32-இல் ஒரு குழி இருக்கிறது. 64 பிட் கணினியில், பண்பை எழுதும் ஃபங்ஷனான எக்ஸ்சேஞ்ச்பிராப்பர்ட்டிக்கு 32 என்று சொன்னால், சி மொழியின் லாங் வகை அணியை அது எதிர்பார்க்கும். அங்கே லாங் என்பது 8 பைட். நீங்கள் 4 பைட் இன்ட் அணியைக் கொடுத்தால் ஒன்று விட்டு ஒன்று எடுத்துக்கொண்டே போகும். ஒரே எண் (நிரலின் இயக்க எண்) உள்ள _நெட்_டபிள்யூஎம்_பிஐடி-யில் இது தெரியாது, தற்செயலாகச் சரியாக வந்துவிடும். _நெட்_டபிள்யூஎம்_ஐகான் பண்பில் முதலில் அகலம், அடுத்து உயரம், பிறகு பிக்சல்கள். இன்ட் அணி கொடுத்தால் அகலம் சரியாகப் போகும், உயரத்தின் இடத்தில் முதல் பிக்சலின் நிறம் உட்காரும். ஐகான் வராமல் போவதற்கு இதுவே வழக்கமான காரணம். படக் கோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

எப்போது எழுதுவது

விண்டோவை உருவாக்கு, பண்புகளை எழுது, பிறகு எக்ஸ்மேப்விண்டோ (மேப் என்றால் விண்டோவைத் திரையில் காட்டுவது). வரிசை இதுதான். மேப் செய்யச் சொன்னதும் அந்தக் கோரிக்கை மேனேஜரிடம் போகிறது, அப்போது அது சீட்டுகளையெல்லாம் ஒருமுறை படித்து விண்டோவை எங்கே, எப்படி வைப்பது என்று முடிவு செய்கிறது. தலைப்பைப் பிறகு மாற்றினால் மேனேஜர் கவனித்துப் புதுப்பிக்கும். விண்டோ வகையையோ, எந்த விண்டோவுக்குத் துணை என்பதையோ பிறகு எழுதினால் சில மேனேஜர்கள் கண்டுகொள்ளும், சில கண்டுகொள்ளாது. மேப்புக்கு முன்பே எழுதிவிட்டால் இந்தச் சந்தேகமே இல்லை.

தலைப்பு, ஐகான் பெயர், டபிள்யூஎம்_கிளாஸ், அளவுக் குறிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதாமல் ஒரே அழைப்பில் முடிக்க எக்ஸ்செட்டபிள்யூஎம்பிராப்பர்ட்டீஸ் இருக்கிறது. கணினியின் பெயரை டபிள்யூஎம்_கிளையன்ட்_மெஷின் பண்பில் அதுவே எழுதியும் விடும். குறிப்புகளுக்கான ஸ்ட்ரக்சரை நீங்களே அறிவிக்காமல் எக்ஸ்அல்லாக்சைஸ்ஹின்ட்ஸ் போன்ற ஃபங்ஷன் வழியாக வாங்குங்கள், வேலை முடிந்ததும் எக்ஸ்ஃப்ரீ. சர்வரிடம் நகல் போய்விட்டது, உங்களிடம் இருப்பது இனி தேவையில்லை.

தமிழ்த் தலைப்பு ஏன் கெடுகிறது

ஆங்கிலத்தில் தலைப்பு வைக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. நமக்கு இதுதான் முதல் தொல்லை.

எக்ஸ்ஸ்டோர்நேம் என்ற எளிய ஃபங்ஷன், கொடுத்த பைட்டுகளை டபிள்யூஎம்_நேம் பண்பில் ஸ்ட்ரிங் என்ற வகையில் எழுதும். ஐசிசிசிஎம் கணக்கில் ஸ்ட்ரிங் என்றால் லத்தீன்-1, மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் மட்டும். தமிழை யூடிஎஃப்-8-இல் (யூனிகோட் எழுத்தைப் பைட்டுகளாக எழுதும் முறை) எழுதினால் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் ஒன்றே. அதை லத்தீன்-1 என்று படித்தால், தலைக்கு மேல் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ'யும், அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' குறியோ தனி மேல்கோடோ மாறி மாறி வரும். மலையாளம் என்றால் அதே 'ஏ', அடுத்து வெறும் சாய்கோடோ கிரேக்க 'மியூ'வோ. தலைப்புப் பட்டையில் இந்தக் கோலத்தைக் கண்டால் ஃபான்ட் தேடி அலைய வேண்டாம், வகை தப்பு.

சரியான இடம் _நெட்_டபிள்யூஎம்_நேம். வகை யூடிஎஃப்8_ஸ்ட்ரிங், அளவு 8. இரண்டு பண்பும் இருந்தால் மேனேஜர் இதைத்தான் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்யூடிஎஃப்8செட்டபிள்யூஎம்பிராப்பர்ட்டீஸ் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்து இதுவே போதும் என்று நினைப்பார்கள். அதுவும் பழைய டபிள்யூஎம்_நேம் பண்பைத்தான் எழுதுகிறது, _நெட்_ பண்பைத் தொடுவதில்லை. தனியாக ஒரு எக்ஸ்சேஞ்ச்பிராப்பர்ட்டி அழைப்பு கட்டாயம் வேண்டும். பழைய பண்பில் ஆங்கில எழுத்திலேயே ஒரு பெயரை வைத்துவிடுங்கள், பழைய கருவிகளுக்கு உதவும்.

அந்த அழைப்பின் கடைசியில் நீளம் கேட்கும். 'குமுளி எடைச்சீட்டு' என்பது தலைப்பு என்றால் கண்ணுக்குத் தெரிவது 9 எழுத்து. யூனிகோட் கணக்கில் துணைக்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி. 'குமுளி'யில் 6, நடுவில் ஓர் இடைவெளி, 'எடைச்சீட்டு'வில் 11, ஆக 18. பைட் கணக்கில் 18, 1, 33 சேர்த்து 52. நீளமாகக் கொடுக்க வேண்டியது இந்த 52. சி மொழியின் எஸ்டிஆர்லென் பைட்டைத்தான் எண்ணுகிறது, அதனால் பிழைத்தீர்கள். பைத்தானிலிருந்து எக்ஸ்லிப்பை நேரடியாக அழைத்து லென் தரும் 18-ஐக் கொடுத்தால் தலைப்பு 'குமுளி' என்பதோடு நின்றுவிடும். பார்க்க ஒழுங்காக இருப்பதால் தப்பு நடந்ததே தெரியாது. விரல்விட்டு எண்ணி 9 கொடுத்தவருக்கு 'கும' என்று வரும்.

இதைவிட மோசம் பாதிக் குறியில் வெட்டுவது. கடைப்பெயர், தேதி, பில் எண் எல்லாவற்றையும் 64 பைட் அணியில் அடைத்தால், எல்லை ஒரு குறியின் நடுவே விழும். உடைந்த யூடிஎஃப்-8-ஐக் கண்டால் சில மேனேஜர்கள் அந்தப் பண்பையே தள்ளிவிட்டு டபிள்யூஎம்_நேமுக்குப் போகும். அணியை 256 பைட்டாக வையுங்கள், சிக்கனம் பார்க்கிற இடம் இது அல்ல.

அளவுக் குறிப்புகள்

டபிள்யூஎம்_நார்மல்_ஹின்ட்ஸ் பண்பில் குறைந்தபட்ச அளவு, அதிகபட்ச அளவு, எத்தனை பிக்சல் படியாகப் பெரிதாக வேண்டும் என்பதெல்லாம் போகும். ஸ்ட்ரக்சரில் எண்ணை நிரப்பினால் மட்டும் போதாது. எந்தெந்த இடம் நிரம்பியிருக்கிறது என்று ஃப்ளாக்ஸ் என்ற இடத்தில் பிமின்சைஸ், பிமேக்ஸ்சைஸ் போன்ற குறிகளை அல்லது-கூட்டல் (|) செய்து வைக்க வேண்டும். ஃப்ளாக் வைக்காத எண்ணை மேனேஜர் பார்ப்பதே இல்லை. நீட்டவோ சுருக்கவோ கூடாத விண்டோவுக்குக் குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் ஒரே அளவாகக் கொடுங்கள், அதற்கென்று தனிப் பண்பு கிடையாது.

நம் நிரலில் ஒரு வரிக்கு 24 பிக்சல், மேல் தலைப்புக்கும் கீழ்க்கூட்டலுக்கும் சேர்த்து 96 என்று வைப்போம். அடிப்படை உயரம் 96, படி 24 என்று சொன்னால் 15 வரிக்கு உயரம் 456. இழுத்துப் பெரிதாக்கும்போது அரை வரி தெரியாது. அடிப்படை அளவைக் கொடுக்க மறந்தால் குறைந்தபட்ச அளவே அடிப்படையாகும், கணக்கு வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

768 பிக்சல் உயரத் திரையில் குறைந்தபட்ச உயரம் 768 என்று கேட்பவர்களும் உண்டு. பேனலும் தலைப்புப் பட்டையும் போக மீதிதான் நமக்கு, 'சேமி' பொத்தான் பேனலுக்கு அடியில் போய்விடும். 700-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐ3 போன்ற, விண்டோக்களை ஓடு பதித்தது போலப் பக்கம் பக்கமாக வைக்கும் டைலிங் மேனேஜர்கள் அடுக்கி வைத்த விண்டோக்களுக்கு இந்தக் குறிப்புகளைப் பெரும்பாலும் மதிப்பதில்லை. அதனால் சின்ன அளவிலும் உடையாதபடி வரைந்துவிடுவது நல்லது.

மூடும் பொத்தான்

நாள் முழுக்கப் போட்ட எடை சேமிக்கப்படாமல் போகிற இடம் இதுதான். டபிள்யூஎம்_புரோட்டோகால்ஸ் பண்பில் டபிள்யூஎம்_டிலீட்_விண்டோ என்ற பெயரைப் பதியாவிட்டால், மூடும் பொத்தானை அழுத்தியதும் மேனேஜருக்கு வேறு வழியில்லை. எக்ஸ்கில்கிளையன்ட் மூலம் நம் இணைப்பையே அறுத்துவிடும். டெர்மினலில் எக்ஸ் இணைப்பு முறிந்தது என்று ஒரு வரி, நிரல் அங்கேயே முடிந்தது. 'சேமிக்கட்டுமா' என்று கேட்க வாய்ப்பே கிடைக்காது.

பதிவதற்கு எக்ஸ்செட்டபிள்யூஎம்புரோட்டோகால்ஸ். பிறகு நிகழ்வுச் சுழலில் (வரும் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக வாங்கும் லூப்) கிளையன்ட்மெசேஜ் என்ற செய்தி வரும்போது, செய்தி வகை டபிள்யூஎம்_புரோட்டோகால்ஸ்தானா, தரவின் முதல் எண் டபிள்யூஎம்_டிலீட்_விண்டோதானா என்று இரண்டையும் பாருங்கள். இதற்கு எந்த ஈவென்ட் மாஸ்க்கும் (எந்த நிகழ்வுகள் வேண்டும் என்று சொல்லும் குறி) தேவையில்லை, கேட்காமலே வரும். பதிந்துவிட்டுச் சுழலில் கையாளாமல் விட்டால் பொத்தான் அழுத்த அழுத்த ஒன்றும் நடக்காது.

கூடவே _நெட்_டபிள்யூஎம்_பிங் பதிந்தால், நிரல் உயிரோடு இருக்கிறதா என்று மேனேஜர் விசாரிக்கும். வந்த செய்தியில் விண்டோ எண்ணை ரூட் விண்டோவாக (எல்லா விண்டோவுக்கும் அடியில் திரை முழுக்க இருப்பது) மாற்றி ரூட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பதில் அனுப்பாவிட்டால் 'இந்த நிரல் பதிலளிக்கவில்லை' என்று பயனர் முன் பெட்டி வரும். பதில் சொல்ல எண்ணமில்லையென்றால் பதியவே வேண்டாம்.

பெயர், துணை விண்டோ, விசைப்பலகை

டபிள்யூஎம்_கிளாஸ் பண்பில் இரண்டு பெயர்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் பூஜ்ய பைட். முதலாவது இப்போது ஓடும் இந்தப் பிரதியின் பெயர், இரண்டாவது செயலியின் பெயர். பேனலில் ஐகான் சரியாகச் சேர, மெனு கோப்பில் ('.டெஸ்க்டாப்' என்று முடிவது) ஸ்டார்ட்அப்டபிள்யூஎம்கிளாஸ் வரியில் இந்த இரண்டாவது பெயரை எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. இதைப் பயனருக்குக் காட்டுவதில்லை, எனவே தமிழ் வேண்டாம்.

'எடை சரிதானா?' என்று கேட்கும் சின்னப் பெட்டிக்கு டபிள்யூஎம்_ட்ரான்ஸியன்ட்_ஃபார் பண்பில் தாய் விண்டோவின் எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் அது தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கல்லாவில் இருப்பவர் நிரல் தொங்கிவிட்டது என்று கணினியையே அணைப்பார். கூடவே _நெட்_டபிள்யூஎம்_விண்டோ_டைப் பண்பில் டயலாக் வகையையும் எழுதுங்கள்.

விசைப்பலகை வராத விண்டோ என்றால் டபிள்யூஎம்_ஹின்ட்ஸைப் பாருங்கள். இன்புட்ஹின்ட் ஃப்ளாக்கை வைத்துவிட்டு இன்புட் இடத்தை நிரப்பாமல் விட்டால் அது பூஜ்யமாக நிற்கும், அதாவது 'எனக்கு விசைப்பலகை வேண்டாம்'. தராசோ பார்கோட் கருவியோ விசைப்பலகை போலத் தரவு அனுப்பினால் அதுவும் வராது. தராசு இணைப்பு அறுந்ததும் பேனலில் மினுங்க வைக்க அர்ஜென்சி ஃப்ளாக் (256) உண்டு. அதை வைப்பதற்கு முன் எக்ஸ்கெட்டபிள்யூஎம்ஹின்ட்ஸ் கொண்டு இருப்பதைப் படித்து, அதில் சேர்த்து, திரும்ப எழுதுங்கள். புதிய ஸ்ட்ரக்சரில் அர்ஜென்சியை மட்டும் வைத்து எழுதினால் பழைய இன்புட் குறிப்பு அழிந்துவிடும். வேலை முடிந்ததும் ஃப்ளாக்கை எடுப்பதும் உங்கள் பொறுப்பு.

முழுத்திரை

வாடிக்கையாளர் பக்கம் திரும்பிய திரையில் எடை பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் முழுத்திரை வேண்டும். மேப்புக்கு முன் என்றால் _நெட்_டபிள்யூஎம்_ஸ்டேட் பண்பில் முழுத்திரைப் பெயரை நீங்களே எழுதலாம். மேப் ஆன பிறகு அந்தப் பண்பு மேனேஜருக்குச் சொந்தம், நீங்கள் எழுதினால் பயனில்லை. அப்போது கிளையன்ட்மெசேஜ் அனுப்பிக் கேட்க வேண்டும். செய்தியின் விண்டோ இடத்தில் நம் விண்டோ, ஆனால் அனுப்பும் முகவரி ரூட் விண்டோ. தரவின் முதல் எண் 0 என்றால் எடு, 1 என்றால் சேர், 2 என்றால் மாற்று. சப்ஸ்ட்ரக்சர்நோட்டிஃபை, சப்ஸ்ட்ரக்சர்ரீடைரக்ட் என்ற இரண்டு மாஸ்க்கும் சேர்ந்து போக வேண்டும். தங்கள் விண்டோவுக்கே அனுப்பிவிட்டு ஏன் நடக்கவில்லை என்று விழிப்பது இங்கே அடிக்கடி நடப்பது.

இதற்கு ஓவர்ரைட்-ரீடைரக்ட் போட்டுவிட்டால் எளிது என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது மேனேஜரை முற்றிலும் ஒதுக்கிவிடும். மேலே சொன்ன எந்தப் பண்பும் வேலை செய்யாது, ஆல்ட்-டேப்பில் வராது, விசைப்பலகையும் தானாக வராது. பாப்அப் மெனுவுக்கும் டூல்டிப்புக்கும்தான் அது.

பார்த்துச் சரிசெய்ய

எக்ஸ்11-யூடில்ஸ் பொதியில் எக்ஸ்ப்ராப் என்ற கருவி வருகிறது. டெர்மினலில் அதை ஓட்டினால் சுட்டி கூட்டல் குறியாக மாறும், விண்டோவில் கிளிக் செய்தால் அதன் பண்புகள் அத்தனையும் பெயர், வகை, மதிப்பு என்று வரிசையாக வரும். தலைப்பு கெட்டால் முதலில் வகையைப் பாருங்கள், பிறகு மதிப்பை. '-ஸ்பை' சேர்த்து ஓட்டினால் மாற மாறக் காட்டிக்கொண்டே இருக்கும், முழுத்திரைக் கோரிக்கை ஏற்கப்பட்டதா என்று அதில் தெரிந்துவிடும். '-செட்' கொண்டு வெளியிலிருந்தே பண்பு எழுதவும் செய்யலாம். வடிவம் கேட்கும் இடத்தில் 8யூ என்று போட்டால் யூடிஎஃப்-8. நிரலைத் தொடாமலே மேனேஜர் தமிழ்த் தலைப்பைக் காட்டுகிறதா என்று இதில் சோதித்துக்கொள்ளலாம்.

தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு இதைச் செய்து பார்க்கக் கணினி தேட வேண்டியதில்லை. கேரளப் பள்ளிகளில் ஓடும் கைட் குனு/லினக்ஸ் உபுண்டுவின் மேல் கட்டியதுதான். சி வேண்டாம், பைத்தான் போதும் என்றால், டிகே என்ற விண்டோ நூலகத்தைப் பைத்தானில் தரும் டிகின்டரில் டைட்டில், மின்சைஸ், ட்ரான்ஸியன்ட், புரோட்டோகால் என்று இதே விஷயங்கள் இருக்கின்றன. புரோட்டோகாலுக்கு டபிள்யூஎம்_டிலீட்_விண்டோ என்ற அதே பெயரைத்தான் கொடுக்க வேண்டும். தமிழ்த் தலைப்புக்கான _நெட்_ பண்பை டிகே தானே எழுதிவிடும். டிகே-யின் கிளாஸ்நேமில் சின்ன எழுத்தில் தொடங்கும் பெயர் கொடுத்தால் முதலெழுத்தைப் பெரிதாக்கிவிடும், மெனு கோப்பில் அதைக் கவனித்து எழுதுங்கள்.

எக்ஸ்ப்ராப்பை ஓட்டி விண்டோவில் கிளிக் செய்தும் ஒன்றும் வரவில்லையா? எக்ஸ்டிஜி_செஷன்_டைப் என்ற சூழல் மாறியைப் பாருங்கள். வேலேண்ட் (எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த அமைப்பு) என்று இருந்தால், நேரடி வேலேண்ட் விண்டோக்களுக்கு எக்ஸ் பண்புகளே கிடையாது. பழைய எக்ஸ் நிரல்கள் மட்டும் எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓடும், அவற்றில் மேலே சொன்னவை செல்லும். உபுண்டு 22.04-இல் உள்நுழையும் திரையில் பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸார்க் அமர்வைத் தேர்ந்தால் எல்லா விண்டோவும் எக்ஸில் வரும். வேலேண்டுக்கே எழுதுவதென்றால் தலைப்பு, குறைந்தபட்ச அளவு, செயலியின் அடையாளம் ஆகியவற்றை எக்ஸ்டிஜி_டாப்லெவல் என்ற பொருளிடம் கோரிக்கையாகச் சொல்ல வேண்டும். அங்கே எழுத்து எப்போதும் யூடிஎஃப்-8, வகைக் குழப்பம் கிடையாது. டபிள்யூஎம்_கிளாஸின் இடத்தில் ஆப்_ஐடி இருக்கிறது, அது மெனு கோப்பின் பெயரோடு, கடைசி '.டெஸ்க்டாப்' நீங்கலாக, ஒத்திருக்க வேண்டும்.